‘ஆஸ் ஓல்ட் ஆஸ் த ஹில்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மிக மிகப் பழைய ஒன்றைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘ஆஸ் ஓல்ட் ஆஸ் த ஹில்ஸ்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘குன்றுகளின் அளவுக்குப் பழமை’ என்று வரும். ஐந்தே சொற்கள், அகராதியைப் புரட்ட வேண்டிய தேவையே இல்லாத எளிய சொற்கள் என்பதால், மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிப்பதில்லை. கைப்பிரதி திருத்தும் வேலையில் ‘மலையைப் போல் வயதானவர்’ என்ற வரியை நான் எத்தனையோ முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது. தமிழ்ச் சொல்லைத் தேர்வது ஆறாவது படியாகத்தான் வருகிறது. புதியவர்கள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள்; முதல் ஐந்து படிகளில் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமலே நினைவுக்கு வந்த முதல் சொல்லை எழுதிவிட்டு, பிறகு அதற்குத் தக்கபடி மற்ற வாக்கியத்தை வளைக்கிறார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, தொடர் வரும் பத்தி முழுவதும். தனி வாக்கியத்தை மட்டும் பெற்றுக்கொண்டு மொழிபெயர்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தத் தொடரின் பொருள் எப்போதும் ‘மிகப் பழையது’ என்பதுதான் என்றாலும், அதைச் சொல்பவர் கேலி செய்கிறாரா, ஆறுதல் சொல்கிறாரா, வணங்குகிறாரா என்பது சுற்றியுள்ள வாக்கியங்களில்தான் தெரியும்.

இரண்டாவது, அகராதிகள். ஆங்கிலத்துக்கு, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் ஏதேனும் ஒரு மரபுத்தொடர் அகராதி போதும். தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் வேண்டும். முன்னது ஒரு சொல்லின் பழைய பொருளைக் காட்டும். பின்னது அச்சொல் இன்று எந்தப் பொருளில், எந்த மாதிரி வாக்கியத்தில் வழங்குகிறது என்பதைக் காட்டும். இந்த வேலையில் பின்னதுதான் அதிகம் உதவும்.

மூன்றாவது, தமிழ் விவிலியம். ஏன் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

2. அது மரபுத்தொடர்தானா என்று உறுதிசெய்தல்

நிலவியல் நூலிலோ பயண நூலிலோ இந்தத் தொடர் வந்தால் சற்று நிதானிக்க வேண்டும். அங்கே உண்மையான குன்றுகளே பேசுபொருளாக இருக்கக்கூடும். நீலகிரியின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. இமயமோ ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியதன் விளைவாக எழுந்தது. இத்தகைய செய்திகளுக்கு நடுவே ஆசிரியர் அந்தத் தொடரை வேண்டுமென்றே சிலேடையாக வைத்திருந்தால், குன்றை நீக்கிவிட்டால் சிலேடையும் போய்விடும்.

அடுத்து, பார்வைக்கு ஒத்திருக்கும் வேறு தொடர்களைப் பிரித்தறிய வேண்டும். ‘ஓவர் த ஹில்’ என்பதிலும் குன்று உண்டு. ஆனால் அதற்கு உச்சத்தைத் தாண்டி இறங்குமுகத்தில் இருப்பவர் என்று பொருள். முப்பத்தெட்டு வயது ஓட்டக்காரரை அப்படிச் சொல்லலாம். அவரைக் ‘குன்றுகளின் அளவுக்குப் பழமையானவர்’ என்று சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, ஓய்வுபெறும் விளையாட்டு வீரர் ஒருவரை ‘தொண்டுகிழம்’ ஆக்கிய மொழிபெயர்ப்பு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

‘டைம் இம்மெமோரியல்’ என்பது இன்னொன்று. பொதுப் பேச்சில் அது ‘நினைவுக்கு எட்டாத காலம்’தான். ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில் அதற்கு எல்லை உண்டு: 1275ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை ஒட்டி, முதலாம் ரிச்சர்டு மன்னரின் ஆட்சி தொடங்கிய 1189ஆம் ஆண்டுக்கு முந்தைய காலம் அது. சட்ட ஆவணத்தில் இதைக் கண்டால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டுச் சட்டச் சொல்லகராதியைத் திறக்க வேண்டும்.

3. எது பழையது என்று கண்டறிதல்

ஆங்கிலத்தின் ‘ஓல்ட்’ என்ற ஒரே சொல் ஆளுக்கும் பொருளுக்கும் கருத்துக்கும் பொது. தமிழில் அப்படி இல்லை. ஆளுக்கு வயதும் மூப்பும் முதுமையும், பொருளுக்குப் பழமை, குடிக்கும் மொழிக்கும் மரபுக்கும் தொன்மை. இந்தப் பிரிவைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் திரும்பி வர நேரிடும்.

‘பழைய’ என்ற சொல்லை ஆளுக்கு முன்னால் போட்டால் பொருளே மாறிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘பழைய ஆசிரியர்’ என்றால் முன்பு பாடம் நடத்தியவர். அவருக்கு முப்பது வயதாகவும் இருக்கலாம். ‘வயதான ஆசிரியர்’ என்றால்தான் முதியவர். ‘மூத்த ஆசிரியர்’ என்றால் பணியில் முந்தியவர். எதிர்ப்பக்கத்தில், ‘வயதான பழக்கம்’ என்றோ ‘முதிய நகைச்சுவை’ என்றோ எழுதினால் வாசகர் நகைச்சுவையை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பைப் பார்த்துச் சிரிப்பார்.

ஆகவே தாளின் ஓரத்தில் எழுவாயை எழுதிக்கொள்ளுங்கள்: ஆள், வீட்டுப் பொருள், கட்டடம், வழக்கம், கருத்து, நகைச்சுவை, ஏமாற்று வித்தை, சச்சரவு. ஆங்கில எழுத்தில் இந்தத் தொடர் வழக்கம், வித்தை, சிக்கல் போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றியும் தாராளமாக வரும். அதை எப்போதும் கிழவர்களுக்கு உரிய உவமை என்று நினைத்துக்கொள்வது, பள்ளிக்கூடத்தில் ஒரே எடுத்துக்காட்டோடு மரபுத்தொடர் கற்றதன் விளைவு.

4. சொல்பவர் ஏன் அதைச் சொல்கிறார் என்று கேட்டல்

மிகையை மிகையாகவே பெயர்ப்பது பாதி வேலை. மிகைப்படுத்தியதன் நோக்கம் மீதிப் பாதி.

ஒரு சிறுவன் தன் தலைமையாசிரியையைப் பற்றி இப்படிச் சொன்னால் அது குறும்பு. அந்த அம்மையாருக்கு உண்மையில் ஐம்பது வயது இருக்கலாம். ஒரு பெண் தன் கணவரின் காரைப் பற்றிச் சொன்னால் அது சலிப்பு. ஒரு பாதிரியார் ஒரு மன்றாட்டைப் பற்றிச் சொன்னால் அது பணிவு.

அதிகம் தவறவிடப்படுவது நான்காவது ஒன்று. தலையங்கங்களிலும் அறிவுரைப் பத்திகளிலும் ‘மாமியார் மருமகள் பூசல் குன்றுகளின் அளவுக்குப் பழையது’ என்ற மாதிரி ஒரு வரி வரும். அங்கே எழுதியவர் காலத்தை அளக்கவில்லை. ‘இது உங்களுக்கு மட்டும் வந்ததில்லை, பதறாதீர்கள்’ என்கிறார். தமிழில் இந்த இடத்துக்கு எதிர்மறை வாக்கியம்தான் இயல்பு: ‘மாமியார் மருமகள் பூசல் இன்று நேற்று வந்ததல்ல.’ குன்றும் இல்லை, பழமை என்ற சொல்லும் இல்லை. ஆனால் ஆறுதல் அப்படியே வந்துவிடுகிறது. இந்தத் தொடருக்கு எனக்குத் தெரிந்த தமிழாக்கங்களில் மிகுதியான இடங்களுக்குப் பொருந்துவது ‘இன்று நேற்றல்ல’ என்பதுதான். அகராதியில் தேடினால் கிடைக்காது என்பதால் பலர் அதை எட்டுவதில்லை.

5. குன்றை வைத்துக்கொள்வதா, விடுவதா

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தமிழில் மலை உவமையாக வரும்போது பெரும்பாலும் முதுமையைக் காட்டுவதில்லை. அது பருமனைக் காட்டும், உயரத்தைக் காட்டும், அசையாமையைக் காட்டும். ‘உன்னைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன்’ என்கிறோம். ‘மலைபோல் வந்த துன்பம் பனிபோல் நீங்கியது’ என்கிறோம். தன் நிலையில் திரியாமல் அடங்கியவனின் தோற்றம் மலையினும் மாணப் பெரிது என்பது 124ஆம் குறள். புறநானூற்றின் 2ஆம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் சேர மன்னனை இமயமும் பொதியமும் போல நடுக்கின்றி நிலைபெறுக என்று வாழ்த்துகிறார். அங்கே வேண்டப்படுவது அசையா நிலை; மன்னன் கிழவனாக வேண்டும் என்று புலவர் வாழ்த்தவில்லை.

இதனால்தான் ‘என் தாத்தா மலையைப் போல் வயதானவர்’ என்ற வரியைப் படிக்கும் தமிழ் வாசகரின் மனத்தில் முதலில் எழுவது ஒரு பருத்த உருவம். வயது என்ற சொல் பின்னால் வந்து அந்த உருவத்தோடு மோதுகிறது. இலக்கணப்படி வாக்கியத்தில் குறையே இல்லாததால் எழுதியவருக்குத் தவறு கண்ணில் படுவதுமில்லை.

எனவே பொது விதி: குன்றை விட்டுவிடுங்கள். வைத்துக்கொள்ள வேண்டிய இடங்கள் சில உண்டு.

ஒன்று, விவிலியச் சாயல் தெரியும் இடம். யோபு ஆகமத்தின் 15ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில் எலிப்பாஸ் யோபுவைப் பார்த்து, மனிதரில் முதலில் பிறந்தவர் நீர்தானோ, பர்வதங்களுக்கு முன்னே உருவாக்கப்பட்டீரோ என்று இடித்துக் கேட்கிறான். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் இவ்விடத்தில் ‘ஹில்ஸ்’ என்றே இருக்கிறது. மூல ஆசிரியர் இந்த வசனத்தை மனத்தில் வைத்து எழுதியிருந்தால் நீங்களும் ‘பர்வதம்’ என்ற சொல்லையே ஆளுங்கள். ‘குன்று’ என்று புதிதாகப் பெயர்த்தால், வசனத்தைத் தமிழில் அறிந்தவர்களுக்கே அது அடையாளம் தெரியாமல் போய்விடும்.

இரண்டு, கதை மலைநாட்டில் நடக்கும் இடம். பாத்திரங்கள் நாள்தோறும் பார்க்கும் அதே குன்றுகளோடு ஒப்பிட்டுப் பேசினால், அந்தக் குன்றுகள் உவமையாக மட்டுமின்றிக் கதைக்களமாகவும் இருக்கின்றன.

மூன்று, பலரும் அறிந்த மேற்கோள். இதற்கு எடுத்துக்காட்டு ஏழாம் படியில் வருகிறது.

இந்த மூன்று இடங்களிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஒப்புமை எதில் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ‘மலையைப் போன்றது’ என்று நிறுத்தக் கூடாது. ‘மலைகளைப் போலத் தொன்மையானது’ என்றோ, ‘அந்த மலைகள் தோன்றிய நாளிலிருந்து இருப்பது’ என்றோ முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் தம் வழக்கப்படி பருமனுக்கே போவார்.

6. தமிழ்ச் சொல்லைத் தேர்தல்

எழுவாயும் நோக்கமும் குன்றின் நிலையும் முடிவான பிறகு, சொல் தேர்வு ஏறக்குறைய தானே அமைந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எல்லையை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நகைச்சுவை, சாக்குப்போக்கு, ஏமாற்று வேலை ஆகியவற்றுக்கு ‘அரதப் பழசு’ என்பதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அது பேச்சு வழக்கு. கட்டுரையின் நடை உயர்ந்திருந்தால், ‘கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன’ என்பது அந்த இடத்தை நிரப்பும். ஆளுக்கு ‘அரதப் பழசு’ பொருந்தாது.

கார், தையல் இயந்திரம், மின்விசிறி போன்றவற்றுக்கு ‘மாந்தாதா காலத்து’ என்பது அருமையான சொல். புராண அரசன் ஒருவனின் பெயர் உள்ளே இருந்தாலும், இன்று அதைச் சொல்பவர் யாரும் புராணத்தை நினைப்பதில்லை. ஆங்கிலேயர் இந்தத் தொடரைச் சொல்லும்போது யோபுவை நினைக்காததைப் போலத்தான். ஆயினும் லண்டனில் நடக்கும் கதையில் ஒரு ஆங்கிலேயக் கிழவரின் வாயில் மாந்தாதாவை வைப்பது எனக்கு உறுத்தும். அங்கே ‘பாட்டன் பூட்டன் காலத்து’ என்பதே பாதுகாப்பு; பாட்டனும் பூட்டனும் எல்லா நாட்டிலும் உண்டு.

‘வெள்ளைக்காரன் காலத்து’ என்று எழுதத் தோன்றும். வேண்டாம். அது ஒரு குறிப்பிட்ட காலத்தைச் சுட்டுகிறது. மூலத்தில் அப்படிச் சுட்டுதல் இல்லை. மேலும், வெள்ளைக்காரர்களே பேசும் கதையில் அது அபத்தமாக முடியும்.

ஆளைக் குறிக்கும்போது சொல்பவருக்கும் அவருக்கும் உள்ள உறவைப் பாருங்கள். ‘தொண்டுகிழம்’, ‘படுகிழம்’ என்பவை இழிவைச் சேர்த்துவிடும். சிறுவரின் குறும்புக்கு எண்ணால் மிகைப்படுத்துவது தமிழின் வழக்கம்: ‘அவங்களுக்கு நூறு வயசுக்குக் குறையாது’, ‘எங்க பாட்டிக்கே பாட்டி மாதிரி இருப்பாங்க.’ சிறுவனின் பேச்சு என்பதால் இங்கே பேச்சுமொழியையே வைக்க வேண்டும்.

‘பழைய பஞ்சாங்கம்’ என்பது வயதைக் குறிப்பதன்று. காலத்துக்கு ஒவ்வாத எண்ணமுடையவரைக் குறிப்பது. இருபத்தைந்து வயது இளைஞரும் பழைய பஞ்சாங்கமாக இருக்க முடியும். ஆங்கிலத்தில் இதற்கு நெருக்கமானது நோவாவின் பேழையிலிருந்து இறங்கிவந்தது என்று சொல்லும் தொடர்தான். குன்றுத் தொடர் அல்ல.

வழக்கம், நம்பிக்கை, அறம் ஆகியவற்றுக்குத் ‘தொன்றுதொட்டு’, ‘வழிவழியாக’, ‘ஆதிமுதல்’ என்பவை உள்ளன. இவை வினையோடு இயைபவை. ‘தொன்றுதொட்டு இருந்துவரும்’ என்றுதான் அமையும். புதியவர்கள் ‘தொன்றுதொட்ட வழக்கம்’ என்று சுருக்கிவிடுகிறார்கள்; ‘தொன்றுதொட்டு வரும் வழக்கம்’ என்று முழுமையாக எழுதுவதே சரி.

இனி, எல்லோருக்கும் கை ஊறும் ஓர் அடி: ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே.’ கல்லும் மண்ணும் இருப்பதால் குன்றுத் தொடருக்கு இதுவே நேர் என்று நினைத்துவிடுகிறார்கள். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் இது வாளோடு முன்தோன்றிய மூத்த குடியைப் பற்றியது. மறக்குடியின் பெருமிதம் அது. ஒரு பழைய நகைச்சுவையையோ பக்கத்து வீட்டாரின் வேலித் தகராறையோ அதனால் குறித்தால், கேலி செய்ய வேண்டும் என்ற நோக்கம் இருந்தாலொழிய, நடை உடைந்துவிடும். கேலிதான் நோக்கம் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இறைமையின் தொன்மையைச் சொல்லும் சமய நூல்களுக்குத் திருவெம்பாவையின் ‘முன்னைப் பழம்பொருட்கும் முன்னைப் பழம்பொருளே’ என்ற அடி நினைவுக்கு வரும். ஆனால் அது சிவனுக்கு உரியது என்று கேட்டவுடன் தெரியும். கிறித்தவ மன்றாட்டை மொழிபெயர்க்கும்போது அதை இரவல் வாங்கினால் இரு பக்கத்தாரும் முகம் சுளிப்பர்.

ஆங்கிலத்தில் பெருவயதைக் குறிக்க மெத்தூசலாவையும் இழுப்பார்கள். ஆதியாகமத்தின்படி அவர் 969 ஆண்டு வாழ்ந்தவர். அவருக்கு ஈடாக மார்க்கண்டேயரை வைப்பது நான் அடிக்கடி காணும் பிழை. மார்க்கண்டேயர் என்றும் பதினாறு. வயதாகியும் இளமை மாறாதவரைத்தான் தமிழர் அப்படிச் சொல்வர். பொருள் தலைகீழாகிவிடும்.

7. ஒரு வாக்கியத்தை முழுதாகச் செய்து பார்த்தல்

1936 மார்ச் 28 தேதியிட்ட ‘ஹரிஜன்’ இதழில் காந்தியின் கூற்றாக வந்தது இது: உலகுக்குப் புதிதாகக் கற்பிக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சத்தியத்தையும் அகிம்சையையும் அவர் இந்தத் தொடரால் குறிக்கிறார்.

இரண்டாம் படி: நிலம் பேசுபொருள் இல்லை, மரபுத்தொடர்தான். மூன்றாம் படி: எழுவாய் இரண்டு அறங்கள்; எனவே வயதும் மூப்பும் விலக, தொன்மை நிற்கிறது. நான்காம் படி: முந்தைய வாக்கியத்தைப் பாருங்கள். தான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்ற அடக்கமே இங்கு நோக்கம்.

இந்த நோக்கம் தெளிந்தவுடன் சில சொற்கள் தாமே விழுந்துவிடுகின்றன. ‘அரதப் பழசு’ என்றால் சலிப்பு. ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ என்றால் பெருமிதம். அடக்கமாகப் பேசுபவரின் வாயில் அது முற்றிலும் பொருந்தாது. ‘சத்தியமும் அகிம்சையும் இன்று நேற்று வந்தவையல்ல’ என்பது நோக்கத்தைச் சரியாகப் பிடிக்கிறது; சாதாரணக் கட்டுரையாக இருந்தால் அதோடு நிறுத்திவிடுவேன்.

ஆனால் இது பலமுறை எடுத்தாளப்படும் மேற்கோள். வாசகர் ஆங்கிலத்தில் கேட்டிருக்கக்கூடும்; குன்று காணாமல் போனால் வேறு ஏதோ கூற்று என்று எண்ணுவார். எனவே ஐந்தாம் படியின் மூன்றாம் விலக்கு இங்கே பொருந்துகிறது: ‘உலகுக்குக் கற்பிக்க என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. சத்தியமும் அகிம்சையும் மலைகளைப் போலத் தொன்மையானவை.’ குன்று என்பதை மலை என்று மாற்றியிருக்கிறேன். ஆங்கிலத்தில் மரபு ‘ஹில்ஸ்’ என்பதில் உறைந்துவிட்டது. தமிழில் அந்தக் கட்டு இல்லை, மலைதான் இந்த வாக்கியத்தின் கனத்தைத் தாங்குகிறது.

8. நீங்களே ஆங்கிலத்தில் பயன்படுத்தும்போது

இது சுருக்கமான படி. ‘ஹில்ஸ்’ என்ற பன்மையையும் அதன் முன் வரும் ‘த’ என்ற சுட்டையும் விடக் கூடாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் மரபு குலையும். ‘மௌன்டன்ஸ்’ என்று மாற்றக் கூடாது. ‘வெரி’ போன்ற மிகைச்சொல் சேர்க்கத் தேவையில்லை, தொடரே மிகைதான். ‘குன்றுகளைவிடப் பழையது’ என்ற வடிவமும் வழக்கில் உண்டு.

எதிரே இருக்கும் முதியவரிடம் அவரைப் பற்றியே இதைச் சொல்லாதீர்கள். ஆங்கிலேயர் தம்மைப் பற்றித் தாமே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வர். பிறர் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். ஆண்டுக்கணக்கு முக்கியமான வரலாற்றுக் கட்டுரையிலும் இதைத் தவிர்க்க வேண்டும்.

9. எழுதியதைச் சரிபார்த்தல்

ஆங்கில மூலத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழ்ப் பத்தியை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். கண் மன்னிப்பதைக் காது மன்னிப்பதில்லை. மலை உவமையை வைத்திருந்தால், முன்னும் பின்னும் வேறு மலை வருகிறதா என்று பாருங்கள். ‘மலைபோல் குவிந்த வேலை’ என்ற வரிக்கு அடுத்து ‘மலைகளைப் போலத் தொன்மையான வழக்கம்’ வந்தால் இரண்டும் கெடும்.

‘மிக மிகப் பழமையான, தொன்றுதொட்டு வரும், ஆதிகாலத்து வழக்கம்’ என்று அடுக்கியிருந்தால் இரண்டை வெட்டுங்கள். உவமையை விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வில்தான் புதியவர்கள் இப்படி அடுக்குகிறார்கள்.

நூல் முழுவதும் தொடர் பலமுறை வந்தால், எல்லா இடத்திலும் ஒரே தமிழாக்கம் வேண்டும் என்று பதிப்பாளர் சிலர் கேட்பர். ஒரே பாத்திரம் அதைத் தன் வழக்கமாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் மட்டுமே அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் எழுவாய் மாறும்போது சொல்லும் மாற வேண்டும் என்பதை, மூன்றாம் படியில் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகளைக் காட்டி விளக்கினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வர்.